36,105 வாக்குகளில் வீழ்ந்த தலைவர்

எரிக் கேன்டரின் பிரசாரக் குழு ஸ்டேக் உணவகங்களில் கட்டிய பில் மட்டும் 1,68,637 டாலர். அவரை எதிர்த்து நின்ற டேவ் பிராட் தன் மொத்தப் பிரசாரத்துக்கும் திரட்டியது சுமார் 2 லட்சம் டாலர். 2014 ஜூன் 10 இரவு வாக்குகளை எண்ணி முடித்தபோது பிராட்டுக்கு 36,105, கேன்டருக்கு 28,912. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர், அடுத்த சபாநாயகர் இவர்தான் என்று வாஷிங்டனே பேசிக்கொண்டிருந்தவர், சொந்தக் கட்சிக்காரர்களிடம் தோற்றுப்போனார். 1899-ல் அந்தப் பதவி உருவானது முதல், அதில் இருந்த எவரும் இப்படி உட்கட்சித் தேர்தலில் வீழ்ந்ததில்லை.

ஏழை வேட்பாளர் பணக்காரத் தலைவரைச் சாய்த்தார் என்று செய்தி ஓடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ அதில் வியப்புக்குரியது பணக் கணக்கு இல்லை, வாக்குக் கணக்கு. 36 ஆயிரம் வாக்கில் எப்படி ஒரு பெருந்தலைவர் வீழ்வார்?

அமெரிக்காவில் தொகுதி வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. டிக்கெட் கேட்டுத் தலைமை அலுவலக வாசலில் காத்துக்கிடக்கும் வழக்கம் அங்கே கிடையாது. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எத்தனை முறை ஜெயித்தவராக இருந்தாலும், சொந்தக் கட்சியில் ஒருவர் எதிர்த்து மனுப் போட்டுவிட்டால் மறுபடியும் ஓட்டுக் கேட்டுப் போகத்தான் வேண்டும். கேன்டரின் மாநிலமான வர்ஜீனியாவில் வாக்காளர் பட்டியலில் கட்சி அடையாளமே இல்லை. பதிவு செய்த எவரும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம்.

போடலாம்தான், போடுவதில்லை. 2012 நவம்பர் பொதுத்தேர்தலில் வர்ஜீனியாவின் 7-வது தொகுதியில் கேன்டர் வாங்கியது சுமார் 2.2 லட்சம் வாக்குகள். 2014 ஜூன் பிரைமரிக்கு வந்தவர்கள் இரு தரப்பையும் சேர்த்தே 65 ஆயிரம் பேர். தொகுதியோ அப்போது கேன்டரின் கட்சியான குடியரசுக் கட்சியின் கோட்டை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகளைத் திருத்தியபோது நியூ கென்ட் போன்ற வலதுசாரிப் பகுதிகளைச் சேர்த்து அதை இன்னும் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் கேன்டரை அசைக்க முடியாது. ஆகவே தொகுதியின் உண்மையான தேர்தல் ஜூனிலேயே நடந்துவிடுகிறது. கேன்டரின் காவலுக்கென்று சேர்த்த அந்த வலதுசாரி வாக்காளர்கள்தான் அங்கே வரிசையில் நின்றார்கள்.

பிராட் யார்? வர்ஜீனியாவின் தலைநகர் ரிச்மண்டுக்கு வடக்கே ஆஷ்லாண்ட் என்றொரு சிற்றூர். ஊரின் நடுத்தெரு வழியாகவே ரயில் தண்டவாளம் போகிறது; இரு பக்கமும் வீடுகளும் கடைகளும், ஒட்டினாற்போல ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரியும். அங்கே 1996 முதல் பொருளாதாரம் கற்பித்துவந்தவர் பிராட். பிரின்ஸ்டனில் இறையியல் படித்துவிட்டு, அதன் பிறகு பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிரசார மேலாளருக்கு வயது 23. மே மாதம் வாஷிங்டனில் செல்வாக்குள்ள வலதுசாரிப் பிரமுகர்களைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. பிராட் போகவில்லை. செமஸ்டர் விடைத்தாள் திருத்த வேண்டியிருந்ததாம்!

வெற்றிக்குப் பிறகு இதை டீ பார்ட்டி என்ற வலதுசாரி இயக்கத்தின் வெற்றி என்று எழுதியவர்கள் பலர். அந்தப் பெயரில் இயங்கிய பெரிய தேசிய அமைப்புகள் அவருக்காகப் பெரிதாக எதுவும் செலவிடவில்லை என்பதே உண்மை. உள்ளூர்க் குழுக்கள் வீடு வீடாகப் போயின. லாரா இங்கிரஹாம், மார்க் லெவின் என்ற இரு வானொலித் தொகுப்பாளர்கள் தங்கள் நிகழ்ச்சிகளில் அவரைத் தூக்கிப் பிடித்தார்கள். விளம்பரமாக வாங்கியிருந்தால் கட்டுபடியாகாத நேரம் அது. பிராட்டுக்குக் காசில்லாமல் கிடைத்தது. தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு இங்கிரஹாம் ஹென்ரைக்கோ கவுன்டிக்கே வந்து கூட்டத்தில் பேசினார்.

மேடையில் பிராட் பேசியது பெரும்பாலும் ஒரு பழைய தாளிலிருந்து. வர்ஜீனியா குடியரசுக் கட்சிக்கென்று ஒரு கொள்கைப் பிரகடனம் உண்டு: சுதந்திரச் சந்தை, சம உரிமை, அரசுச் செலவில் கட்டுப்பாடு, அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்படுதல், வலுவான பாதுகாப்பு, இறை நம்பிக்கை என்று போகும். ‘நான் இதை நம்புகிறேன், உங்கள் தலைவர் இதிலிருந்து விலகிவிட்டார்’ என்பதே பிராட்டின் பிரசாரச் சாரம். இரண்டு ஆயுதங்கள் வைத்திருந்தார். சிறு வயதில் பெற்றோருடன் சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரலாம் என்ற கேன்டரின் யோசனையைப் ‘பொதுமன்னிப்பு’ என்று தாக்கினார். பெருநிறுவனங்களோடும் வால் ஸ்ட்ரீட்டோடும் கேன்டர் கொண்டிருந்த நெருக்கத்தை இன்னொரு பக்கம் குத்திக்காட்டினார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் உள்தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்வதைத் தடுக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தவர் கேன்டர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இடதுசாரி மேடையிலும் கைதட்டல் வாங்கக்கூடிய பேச்சு இது.

இனி கேன்டர் தரப்பு. தொகுதியில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரைத் தொலைக்காட்சி விளம்பரம் போட்டு ‘தாராளவாதப் பேராசிரியர்’ என்று தாக்கினார்கள். ஜனநாயகக் கட்சி ஆளுநராக இருந்த டிம் கெய்ன் காலத்தில் மாநிலத்தின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் பிராட் இருந்தார் என்பதே ஆதாரம். பெயர் தெரியாதவரின் பெயரைக் காசு செலவழித்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் பலன். அதே குழு, ஒபாமாவின் பொதுமன்னிப்புத் திட்டத்தைத் தடுத்து நிறுத்துபவர் கேன்டர்தான் என்றும் துண்டுப் பிரசுரம் அனுப்பியது. வாஷிங்டனில் ஒரு பேச்சு, தபாலில் வேறு பேச்சு என்றானது.

கட்சிக்குள் நடந்த சண்டை இதைவிட மோசம். உள்ளூர்க் கட்சிக் கூட்டங்களில் பிரதிநிதிகள் பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்து, எதிர்த்தரப்பினர் மாநாட்டுக்கு வரவே முடியாதபடி அடைக்கும் வேலையைக் கேன்டரின் ஆட்கள் செய்தார்கள். கட்சிக்காகப் பல வருடம் உழைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். மே 10-ஆம் தேதி நடந்த தொகுதி மாநாட்டில், பிராட்டும் உட்கார்ந்திருந்த அரங்கில், கேன்டர் அவரைத் தாக்கிப் பேச எழுந்தபோது கூட்டம் கூச்சலிட்டது. அன்றைய தேர்தலில் கேன்டரின் நெருங்கிய சகா தொகுதித் தலைவர் பதவியை இழந்தார். மாதம் ஒன்று கையிலிருந்தது. எச்சரிக்கை மணி இதற்கு மேல் எப்படி அடிக்கும்?

ஆனால் கேன்டரின் கையில் ஒரு கருத்துக்கணிப்பு இருந்தது: 62-க்கு 28, அதாவது 34 புள்ளிகள் முன்னிலை. கணிப்பாளர்கள் பிரைமரிக்கு வரக்கூடியவர்கள் யார் என்று முதலில் ஊகித்து, அவர்களைத்தான் கேட்பார்கள். அந்த ஊகம் பொய்த்தால் மற்றதெல்லாம் பொய்க்கும். 2012 பிரைமரிக்கு வந்தவர்கள் சுமார் 47 ஆயிரம். இந்த முறை 65 ஆயிரம். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் புகுந்து விளையாடிவிட்டார்கள் என்று தோற்ற தரப்பு சொன்னது. கேன்டரைத் தோற்கடிக்க பிராட்டுக்குப் போடுங்கள் என்று ஜனநாயகக் கட்சிப் பிரமுகர் ஒருவர் பகிரங்கக் கடிதம் எழுதியது உண்மைதான். ஆனால் வாக்குப்பதிவு அதிகமாகக் கூடிய இடங்கள் குடியரசுக் கட்சி வலுவாக இருந்த பகுதிகள். கேன்டரின் சொந்த வாக்கும் 37 ஆயிரத்திலிருந்து 29 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

வாக்குப்பதிவு நாளன்று காலையில் கேன்டர் தொகுதியில் இல்லை. வாஷிங்டனில், நாடாளுமன்றத்துக்கு அருகிலிருந்த ஒரு ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் நிதி திரட்டும் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்.

குடியேற்றம்தான் அவரை வீழ்த்தியது என்பது அன்றிரவே எல்லோரும் எழுதிய தீர்ப்பு. அதை முழுதாக ஏற்க முடியவில்லை. அதே ஜூன் 10 அன்று தென் கரோலினாவில் செனட்டர் லிண்ட்ஸி கிரஹாமும் பிரைமரியைச் சந்தித்தார். 2013-ல் செனட்டில் 68-க்கு 32 என நிறைவேறிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை எழுதிய எண்மரில் அவர் ஒருவர்; கேன்டரைவிடப் பல மடங்கு ‘குற்றம்’ செய்தவர். ஆறு பேர் எதிர்த்தும் ஜெயித்தார். அவர் எதிரிகளை முன்கூட்டியே கணக்கிட்டு, ஊரைச் சுற்றி வேலை பார்த்திருந்தார். குடியேற்றம் கேன்டரின் தொகுதியில் கோபத்துக்கு ஒரு பெயர் கொடுத்தது. கோபமோ, கேன்டரைத் தொகுதியில் பார்க்கவே முடியவில்லை என்பதில் தொடங்கியது. இருந்தும் வாஷிங்டன் கற்றுக்கொண்டது குடியேற்றம் என்ற பாடத்தைத்தான். அந்த மசோதாவைப் பிரதிநிதிகள் சபை அந்த ஆண்டு எடுத்துக்கொள்ளாது என்று சபாநாயகர் பேனர் தன்னிடம் சொல்லிவிட்டதாக, மாத முடிவுக்குள் அதிபர் ஒபாமா அறிவித்தார்.

பிரைமரியில் தோற்றவர் சுயேச்சையாக வாக்குச்சீட்டில் இடம்பெற வர்ஜீனியா சட்டம் இடம் தராது. கேன்டர் ஆகஸ்டில் பதவி விலகி, மோலிஸ் என்ற முதலீட்டு வங்கிக்குப் போய்விட்டார். நவம்பரில் பிராட்டை எதிர்த்து ஜனநாயகக் கட்சி நிறுத்தியவர் ஜாக் டிராமல். அவரும் அதே ராண்டால்ஃப்-மேக்கன் கல்லூரிப் பேராசிரியர்தான். ஒரே கல்லூரியிலிருந்து இருவர், தொகுதியோ ஒன்று. பிராட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். சபைக்குப் போனதும் சபாநாயகர் பேனருக்கு எதிராக வாக்களித்து, ஃப்ரீடம் காக்கஸ் என்ற கடும் வலதுசாரிக் குழுவில் இருந்தார்.

பிராட்டைப் போலச் சொந்தக் கட்சித் தலைவர்களை எதிர்த்துக் களமிறங்கியவர்கள் பலர், கரையேறியவர்கள் சொற்பம். அதே ஜூனில் மிசிசிப்பியில் கிறிஸ் மெக்டேனியல், செனட்டர் தாட் காக்ரனிடம் இறுதிச் சுற்றில் தோற்றார். 2016-ல் சபாநாயகர் பால் ரயனை எதிர்த்த பால் நேலனுக்கு ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்கவில்லை. இந்த அடி கட்சி பார்த்து விழுவதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 2018 ஜூனில் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் ஜோ கிரவுலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கார்டெஸ் வீழ்த்தியபோது, அவர் வாங்கியது 17 ஆயிரத்துக்கும் குறைந்த வாக்குகள்.

பிராட்டின் கதை அதே 2018-ல் முடிந்தது. நவம்பரில் சுமார் 3.5 லட்சம் பேர் வந்து வாக்களித்தார்கள். ரிச்மண்டைச் சுற்றியிருந்த புறநகர்கள் டிரம்ப் காலத்தில் மாறிக்கொண்டிருந்தன. சிஐஏ-வில் பணியாற்றிய அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் 7 ஆயிரத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். 36 ஆயிரம் பேரின் கோபத்தில் எழுந்தவருக்கு, பெருங்கூட்டம் வரும் தேர்தலைத் தாங்கும் தளம் இல்லை. அவர் லிபர்ட்டி பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளிக்கு டீனாகப் போனார். ஸ்பான்பெர்கர் 2025 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளை நாம் நவம்பரில் மட்டும் புரட்டுகிறோம். பிரைமரிகள் மார்ச் முதல் செப்டம்பர் வரை மாநிலத்துக்கு மாநிலம் நடந்தபடி இருக்கும். எந்தத் தொகுதியில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணை அப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த சபையில் யார் யாருக்குப் பயந்து வாக்களிப்பார்கள் என்பது அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.