துண்டிக்கும் சாவி யார் கையில்?

வீட்டுக்கு இண்டர்நெட் வாங்குவது இன்றைக்கு அரை நாள் வேலை. கேட் இடுக்கில் செருகிவிட்டுப் போன நோட்டீஸில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் ஏணியோடு ஆள் வந்துவிடுவார். கம்பத்திலிருந்து ஃபைபரை இழுத்து, ஜன்னல் ஓரம் துளை போட்டு, மோடத்தில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுக் கிளம்புவார். அதே இணைப்பு வேண்டாம் என்று சொல்லும்போதுதான் நிறுவனத்துக்கு நம் மேல் திடீர்ப் பாசம் பொங்குகிறது. 'ஏன் சார், என்ன பிரச்சினை, ஆறு மாசத்துக்குப் பாதி விலைக்குத் தருகிறோமே' என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். இதைப் பலரும் ஊழியரின் குணக்கேடாகவோ நிர்வாகச் சோம்பேறித்தனமாகவோ எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் தீர்வும் 'மரியாதையாகப் பேசக் கற்றுக்கொடுங்கள்' என்ற அளவிலேயே நின்றுபோகிறது. விலகுகிறேன் என்ற கோரிக்கையை வாங்கிப் பதிவு செய்யும் அதிகாரம், அந்த விலகலால் வருமானம் இழக்கப்போகும் நிறுவனத்திடமே இருக்கிறது. கோளாறு அங்கே இருக்கிறது. அந்த அதிகாரத்தை இடம் மாற்றாமல் செய்யும் சீர்திருத்தம் எதுவும் பாதியில்தான் நிற்கும்.

டயல்-அப் காலத்தில் அமெரிக்க வீடுகளுக்கு இண்டர்நெட் கொடுத்த ஏ.ஓ.எல். நிறுவனம் இதற்கு நல்ல சாட்சி. ரத்து செய்யச் சொல்லியும் கேட்கவில்லை, கட்டணம் தொடர்கிறது என்று நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குச் சுமார் 300 புகார்கள் போயின. விசாரித்துப் பார்த்தால், ரத்து கேட்டு அழைப்பவர்களில் இத்தனை பங்கினரையாவது தக்கவைக்க வேண்டும் என்று ஊழியர்களுக்கு இலக்கு வைத்திருந்தார்கள். இலக்கைத் தாண்டியவருக்குக் கைநிறைய ஊக்கத்தொகை. 2005 ஆகஸ்டில் நிறுவனம் 12.5 லட்சம் டாலர் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. தொகையைவிட அதன் நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. குறைந்தபட்ச இலக்கை எடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளர் மனம் மாறித் தொடரச் சம்மதித்தார் என்று ஊழியர் சொன்னால் போதாது, அந்தச் சம்மதத்தை மூன்றாம் தரப்பு ஒன்று சரிபார்க்க வேண்டும். விலகலின் கணக்கை விலகப்படும் நிறுவனமே எழுதக் கூடாது என்பதை நியூயார்க் 20 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டது.

2014 ஜூலையில், அமெரிக்கக் கேபிள், இண்டர்நெட் நிறுவனமான காம்காஸ்டின் முறை வந்தது. இணைப்பை ரத்து செய்ய அழைத்த ஒரு தொழில்நுட்ப இதழாளர், உரையாடலின் கடைசி எட்டு நிமிடத்தைப் பதிவு செய்து வெளியிட்டார். 'எங்களைவிட்டு ஏன் போகிறீர்கள்' என்று ஊழியர் விடாமல் துளைத்தெடுப்பதை உலகமே கேட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நாங்கள் இப்படிப் பயிற்சி தருவதில்லை என்றும் சொன்னது. சில நாட்களில் நிறுவன உயரதிகாரி ஒருவர் ஊழியர்களுக்கு அனுப்பிய உள்சுற்றறிக்கை கசிந்தது. அந்த ஊழியர் செய்ததில் பெரும்பகுதி, அவருக்கும் அவரைப்போன்ற ஆயிரக்கணக்கானோருக்கும் நாம் பயிற்சியும் சம்பளமும் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலைதான் என்பது அதன் சாரம். மன்னிப்பைவிட இந்தச் சுற்றறிக்கையில் நேர்மை அதிகம். ஒரு துறையின் சம்பளமே வாடிக்கையாளரைப் போகவிடாமல் வைப்பதைப் பொறுத்திருக்கும்போது அங்கே இனிமையாகப் பேசுபவர்தான் ஆபத்தானவர்.

அரசுகள் கண்டுபிடித்த முதல் வைத்தியம் பொத்தான். ஆன்லைனில் சேர முடிந்தால் ஆன்லைனிலேயே விலகவும் முடிய வேண்டும் என்பது அதன் தத்துவம். இதைக் கொஞ்சம் பல்லோடு செய்த நாடு ஜெர்மனி. 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் தொடர் ஒப்பந்தம் விற்கும் நிறுவனங்கள் ரத்துப் பொத்தானைப் பளிச்சென்று வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால், முன்னறிவிப்புக் காலம் எதுவும் பார்க்காமல் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிவிடலாம். அபராதம் கட்டிவிட்டு நிறுவனம் பழையபடி நடக்க அங்கே வழியில்லை. அமெரிக்காவிலோ, மத்திய வர்த்தக ஆணையம் 2024 அக்டோபரில் இதே போன்ற விதியைக் கொண்டுவந்ததும் கேபிள் நிறுவனங்களின் சங்கம் உள்ளிட்டவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். விதி முழு நடைமுறைக்கு வரவிருந்த நேரத்தில், 2025 ஜூலையில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பூர்வாங்கப் பொருளாதார ஆய்வை ஆணையம் வெளியிடவில்லை என்ற நடைமுறைக் குறைதான் காரணம். விதியின் நோக்கம் தவறென்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆனாலும், பொத்தான் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும்வரை அதன் நிறம், இடம், அதற்கு முன்னால் வரும் ஏழு பக்கங்கள் எல்லாம் நிறுவனத்தின் கையில்தான் இருக்கும்.

பிரிட்டன் வேறு வழி எடுத்தது. 2024 செப்டம்பர் 12 முதல் அங்கே பிராட்பேண்ட் மாற்ற நினைப்பவர் புதிய நிறுவனத்திடம் மட்டும் பேசினால் போதும். பழைய நிறுவனத்திடம் சொல்லித் துண்டிக்க வைப்பது புதிய நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் போன்ற விவரங்களைப் பழைய நிறுவனம் தானாகவே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும். போனில் கெஞ்சலுக்கு அங்கே இடமே இல்லை. இந்த ஏற்பாடு நமக்கும் புதிதில்லை. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் செல்போன் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றி வருகிறோம். 1900-க்கு 'போர்ட்' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு போர்ட் கோடு வருகிறது. அதைக் கொண்டுபோய்ப் புதிய கடையில் கொடுத்தால் ஆயிற்று. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாக்கி இருக்கிறதா, பழைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆயிற்றா என்று சரிபார்த்து அந்தக் கோடைத் தருவது இடையில் உள்ள தனி அமைப்பு. அதே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மாற மூன்று வேலை நாள். பழைய நிறுவனத்திடம் யாரும் அனுமதி கேட்பதில்லை.

இதே ஏற்பாட்டை நம் பிராட்பேண்டுக்கும் கொண்டுவருவதற்குப் பல ஆட்சேபங்கள் உண்டு. பிராட்பேண்டில் கொண்டுபோக எண் எதுவும் இல்லை, புதிய ஒயர் வேறு இழுக்க வேண்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இடம் மாற வேண்டியது துண்டிப்புக் கோரிக்கை மட்டும்தான், அதற்கு ஒயர் தேவையில்லை. யாராவது நம் பெயரில் மோசடியாகத் துண்டித்துவிட்டால் என்ற பயமும் நியாயமானது. செல்போனிலும் அது வந்தது. சிம் மாற்றிய ஏழு நாட்களுக்குள் போர்ட் கோடு கிடையாது என்று 2024 ஜூலை முதல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தடுப்புப் போட்டது. ஓட்டையை அடைத்தார்கள், வசதியை மூடவில்லை. இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. போகிறேன் என்று சொன்னால்தானே தள்ளுபடி கிடைக்கிறது, பேரம் பேசும் அந்த வாய்ப்பையும் பறிக்கலாமா? இந்தத் தள்ளுபடியை யார் பெறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாதாடத் தெரிந்தவருக்குப் பாதி விலை. பேசாமல் மாதாமாதம் கட்டும் ஓய்வூதியருக்கு முழு விலை. நிறுவனத்துக்கு உண்மையிலேயே குறைக்க மனமிருந்தால் அதை ஒரு குறுஞ்செய்தியில் அனுப்பலாம். படித்து முடிவெடுக்க வாடிக்கையாளருக்குத் தெரியும்.

நம் ஊரில் பெரும்பாலும் பிரீபெய்டுதானே, ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். ஓரளவு சரி. தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டை நிறுத்தும் அதிகாரத்தையும் ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து வங்கி வழியே நம் கையில் கொடுத்திருக்கிறது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். சாவியை நிறுவனத்திடமிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு இதுவே நம் நாட்டுச் சான்று. ஆனால் பிரீபெய்டில் பூட்டு வேறு உருவத்தில் வருகிறது. 'இன்ஸ்டாலேஷன் இலவசம்' என்பதற்காக ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டியிருப்போம். மோடத்துக்கு டெபாசிட் வேறு. போஸ்ட்பெய்டிலோ, பணத்தை நிறுத்துவது ஒப்பந்தத்தை முடிக்காது. பாக்கி ஏறும், பிறகு வசூல் ஏஜென்சியின் போன் வரும்.

சட்டம் அடியோடு இல்லாமலும் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், ஏமாற்று வடிவமைப்புகள் என்று பட்டியலிட்ட 13-இல் சந்தாப் பொறியும் ஒன்று. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதும் அந்த வசதியை ஒளித்துவைப்பதும் அதில் அடங்கும். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் கோர்ட்டுகள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி அதுவரை பல வழக்குகள் வாசலிலேயே திருப்பப்பட்டன. டெபாசிட்டுக்கும் கெடு உண்டு: இணைப்பு மூடப்பட்ட 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று டிராயின் 2006 பிராட்பேண்ட் தர விதிகள் சொல்லின, 2024-இல் புதிய விதிகள் வந்தன. ஆனால் கெடு எத்தனை நாளாக இருந்தாலும், இணைப்பு எந்தத் தேதியில் மூடப்பட்டது என்று எழுதுவது நிறுவனம்தான். கோரிக்கையைப் பதிவு செய்யாத வரை கெடு ஓடத் தொடங்குவதே இல்லை. செல்போனுக்கு இருப்பதைப் போல இடையில் ஓர் அமைப்பு அந்தக் கோரிக்கையை வாங்கி, தேதியும் நேரமும் போட்டு இரு தரப்புக்கும் அனுப்பிவிட்டால் கணக்கு அன்றைக்கே தொடங்கும். கெடு தாண்டியதை நிரூபிக்க வாடிக்கையாளர் போன் உரையாடலைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டியிராது.