குடிக்காதவரும் தள்ளாடுவார்



குடியை விட்டுப் பல மாதங்களான ஒருவர் உங்கள் இல்லத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்களாக அவர் இரவெல்லாம் விழித்திருக்கிறார், பகலெல்லாம் உறங்குகிறார். அற்பக் காரியத்துக்கும் எரிந்து விழுகிறார். பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, மூச்சில் விநோதமான வாடை வீசுகிறது. மனைவியின் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் என்ன? "மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டார்" என்பதே. சபையாரில் சிலரோ இதை அசுத்த ஆவியின் தொல்லை என்பர். ஒற்றை அறை வாடகை வீட்டில், அண்டை வீட்டாருக்கு அஞ்சி இதை மறைத்து வைப்போரும் உண்டு.

ஆனால் அவர் ஒரு துளியும் அருந்தாதவராய் இருக்கலாம். பழுதுபட்ட கல்லீரலே அவருடைய மூளையைக் கலக்கியிருக்கலாம்.

கல்லீரலுக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு?

நாம் உண்ணும் புரதத்தைக் குடலிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. கல்லீரல் வடுக்களால் இறுகிப்போகும் 'சிரோசிஸ்' நிலையில் இவ்வேலை குன்றுகிறது. மேலும், குடலிலிருந்து வரும் இரத்தத்தின் ஒரு பகுதி கல்லீரலுக்குள் செல்லாமல் பக்க நாளங்கள் வழியே சுற்றிச் செல்கிறது. இவ்வாறு சுத்திகரிக்கப்படாத இரத்தம் மூளையை அடைகிறது. அங்கே சில செல்கள் அம்மோனியாவை ஏற்று, நீர் கோத்து வீங்குகின்றன. இதனையே மருத்துவர்கள் 'ஹெபாட்டிக் என்செபலோபதி' என்கின்றனர்.

1893-ஆம் ஆண்டிலேயே ரஷ்ய அறிஞர் பாவ்லோவும் அவருடைய உடன் ஆய்வாளரும் இதன் அடிப்படையைக் கண்டனர். குடலின் இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துச் செல்லுமாறு அறுவை செய்யப்பட்ட நாய்கள், மாமிசம் உண்டபின் குணம் மாறித் தள்ளாடின.

சிரோசிஸ் குடிப்பவருக்கு மட்டுமே வருவதன்று. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலும், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலாலும் வரும். சிரோசிஸ் உள்ளவர்களில் 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு காலத்தில் இந்த மூளைக் கலக்கம் வெளிப்படையாகவே தோன்றுகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

உறக்கம் தலைகீழாவது முதல் அடையாளங்களில் ஒன்று. கையெழுத்து கோணலாகும், கடைக்குச் சென்றால் சில்லறைக் கணக்குத் தவறும். கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி மடக்கச் சொன்னால், பறவையின் சிறகுபோல் அவை படபடக்கும். பின்னர் நாளும் இடமும் மறக்கும். முற்றினால் நினைவிழந்த மயக்கம் உண்டாகும். காலையில் தெளிவாயிருந்தவர் மாலையில் குழம்புவதும் உண்டு. ஆகவே அவர் நடிக்கிறார் என்று எண்ணாதிருங்கள்.

இரத்தத்தில் சர்க்கரை குறைவதாலும், தலையில் அடிபடுவதாலும், குடியைத் திடீரென நிறுத்துவதாலும் இத்தகைய குழப்பம் வரக்கூடும். இதனை வீட்டில் தீர்மானிக்க இயலாது. கல்லீரல் நோயுள்ளவர் குழம்பினால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எது தூண்டுகிறது?

மலச்சிக்கல், காய்ச்சலை உண்டாக்கும் தொற்று, வயிற்றுக்குள் இரத்தக்கசிவு, வாந்தி பேதியால் நீர் வற்றுதல், நீர் பிரியும் மாத்திரை மிகுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள். மலம் தார்போல் கறுத்திருந்தால் அது இரத்தக்கசிவாய் இருக்கலாம், தாமதிக்கலாகாது. இரவில் விழித்திருக்கிறாரே என்று தூக்க மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். அது நிலைமையை மோசமாக்கும்.

மருந்தும் உணவும்

'லாக்டுலோஸ்' என்னும் இனிப்புப் பாகு குடலிலுள்ள அம்மோனியாவை வெளியேற்ற உதவும். நாளொன்றுக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் கழியுமாறு மருத்துவர் அளவைச் சொல்வார். பொதுக் கழிப்பறை உள்ள குடியிருப்பிலும், வேலைத்தலத்திலும் வெட்கப்பட்டுப் பலர் இதனை நிறுத்திவிடுகின்றனர், நோய் திரும்புகிறது. பேதியாகும் அளவுக்கு மிகுதியாக அருந்துவதும் கேடே. கலக்கம் மறுபடியும் வருமாயின் 'ரிஃபாக்சிமின்' என்னும் மாத்திரையையும் சேர்ப்பர்.

பருப்பு, முட்டை, பால் யாவற்றையும் நிறுத்தும் பழைய ஆலோசனை இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் நாள்தோறும் தேவை. தசையும் அம்மோனியாவை அகற்ற உதவுகிறது. பட்டினியால் தசை கரைந்தால் கலக்கம் பெருகும். எனவே அந்நோயாளியை உபவாசத்தில் உட்காரவைக்காதீர்கள். அவருக்காக நீங்கள் உபவாசித்து ஜெபியுங்கள். அவரோ சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணட்டும், படுக்கைக்குமுன்னும் சிற்றுணவு அருந்தட்டும்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

மருத்துவர் தெளிவாகச் சொல்லும்வரை அவர் வாகனம் ஓட்ட வேண்டாம். உறக்கம், மலம், மருந்து மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். மருத்துவருக்கு அது பேருதவி. தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், 2018 முதல் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

லூக்கா ஒரு வைத்தியர் என்பதை நாம் அறிவோம். ஜெபமும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையன்று. குடியை விட்டுப் போராடும் மனிதனைப் பொய்யன் என்று பழிப்பது, அவன் மீண்டும் குடிக்கச் செல்லும் வழியைத் திறக்கக்கூடும். ஆகையால், குற்றஞ்சாட்டுமுன் அவருடைய கைகளை நீட்டச் சொல்லிப் பாருங்கள். பின்பு அக்கைகளைப் பற்றி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.