தாய் மீது பழி வேண்டாம்!

பிறந்த குழந்தைக்குக் கண்கள் மேல்நோக்கிச் சாய்ந்துள்ளன, மூக்கு சப்பை, உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை. உடனே, "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று தாயைக் குடைகிறார்கள்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உண்டு. 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாகி, மொத்தம் 47 ஆவதே 'டவுன் சிண்ட்ரோம்'. 1959-ல் பிரெஞ்சு டாக்டர் லெஜூன் குழுவினர் இதை வெளியிட்டனர்.

முகத்தோற்றத்தால் ஆபத்தில்லை. கவனிக்க வேண்டியது இதயம். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு உண்டு. பார்த்தால் தெரியாது. ஆனால் பெரும்பாலும் ஆபரேஷனால் சரிசெய்யலாம்.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி. பரேலில் வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஊருக்குத் தூக்கிப்போய் மந்திரிக்கும் முன், முதல் மாதத்திலேயே இதயத்துக்கு 'எக்கோ' ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.