ரோஜர்னா என்ன அர்த்தம் பாஸ்?

"மச்சி, திருவொற்றியூர் மெட்ரோல நிக்கிறேன், சீக்கிரம் வாடா!" என்றான் நண்பன். நானும் அடிச்சுப் பிடிச்சு திருவொற்றியூர் மெட்ரோவில் போய் இறங்கினேன். ஆள் இல்லை. பார்த்தால், பார்ட்டி நின்னுட்டு இருந்தது திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில்! அடுத்தடுத்த ஸ்டேஷன்தான். ஆனா, "இங்கதான்டா நிக்கிறேன்"னு ரெண்டு பேரும் அரை மணி நேரம் போனில் கத்தினதில் ஒரு மேட்னி ஷோ போச்சு.

போனது சினிமா மட்டும்தான். இதே குழப்பம் ரெண்டு கப்பலுக்கு நடுவுல வந்தா?

பைலட்னு சொன்னதும் அண்ணாந்து பார்க்காதீங்க. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பசங்களுக்குத் தெரியும், ஹார்பர்லயும் பைலட் உண்டு. உலகம் சுத்தி வர்ற கேப்டனுக்கு நம்ம துறைமுகத்தோட ஆழம், நீரோட்டம், வளைவு எல்லாம் அத்துப்படியா இருக்காது. அதனால உள்ளூர் பைலட் ஒரு சின்ன படகில் போய், ஆடுற கடலில் கயிற்று ஏணி பிடிச்சு ஏறி, கப்பலை உள்ளே கூட்டிட்டு வருவார். அவர் கப்பலில் இருக்கார்ங்கிறதுக்கு அடையாளம், பாதி வெள்ளை பாதி சிவப்புக் கொடி. ஏர்போர்ட்டுக்கு ஏ.டி.சி. மாதிரி, கரையில் ரேடாரும் ரேடியோவும் வெச்சுக்கிட்டு கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கிற கன்ட்ரோல் ரூமும் உண்டு.

சிக்கல் ஆரம்பிக்கிறது பேச்சில்தான். கேப்டன் ஒரு நாடு, சுக்கான் பிடிக்கிறவர் ஒரு நாடு, பைலட் நம்மூர். மூணு பேரும் பேசறது மூணு விதமான இங்கிலீஷ். அதனால, பைலட் ஒரு ஆர்டர் போட்டா, சுக்கான் பிடிக்கிறவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். திருப்பி முடிச்சதும் இன்னொரு தடவை சொல்லணும். கிளாஸில் லெக்சரர் சொன்னதையே திருப்பிச் சொன்னா 'மக்கு'ம்பாங்க. கப்பலில் சொல்லாட்டிதான் மக்கு.

ஒரு காலத்தில் கப்பலோட இடது பக்கத்துக்கு 'லார்போர்டு'ன்னு பேர். வலது பக்கம் 'ஸ்டார்போர்டு'. புயல் காத்தில் ரெண்டும் ஒரே மாதிரி காதில் விழுமா விழாதா? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைத் தூக்கிட்டு, 'போர்ட்'னு வெச்சாங்க. (துறைமுகமும் 'போர்ட்', இடது பக்கமும் 'போர்ட்'. இந்தக் குழப்பத்தை யாரும் இன்னும் தீர்க்கலை!)

2001-ல் ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பு, கடலில் எப்படிப் பேசணும்னு வாக்கியங்களையே வரிசையா எழுதிக் கொடுத்துச்சு. அதில் 'மே', 'மைட்' போன்ற வார்த்தைகளை ஒதுக்கச் சொல்லியிருக்காங்க. ஏன்? நம்ம தமிழையே எடுத்துக்கங்க. "உள்ளே வரலாம்"னா அனுமதி. "மழை வரலாம்"னா சந்தேகம். துறைமுக வாசலில் நிக்கிற கேப்டன், 'வரலாம்'னு காதில் விழுந்ததை எப்படி எடுத்துக்குவார்? அதனால, பேசறதுக்கு முன்னாடியே 'கேள்வி', 'பதில்', 'எச்சரிக்கை'ன்னு தலைப்பு வெச்சுட்டு மேட்டரைச் சொல்ற வழியும் அதில் இருக்கு.

விமானத்திலும் இதே கதைதான். நாம ஸ்டைலா 'ரோஜர்'னு சொல்றோமே, அதுக்கு 'ஓகே'ன்னு அர்த்தம் கிடையாது. 'நீங்க சொன்னது முழுசா வந்து சேர்ந்துச்சு', அவ்வளவுதான். செய்வேன்னு சொல்ல 'வில்கோ'ன்னு தனி வார்த்தை இருக்கு.

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் ஏவியான்கா விமானம், நியூயார்க்கில் இறங்க இடம் கிடைக்காமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வட்டமடிச்சது. எரிபொருள் தீரப் போகுது, முன்னுரிமை கொடுங்கன்னு கோ-பைலட் சொன்னார். 'எமர்ஜென்சி'ங்கிற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவே இல்லை. கன்ட்ரோலரும் ஆபத்துன்னு எடுத்துக்கலை. விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்துட்டாங்க.

நம்ம நாட்டில் 1996 நவம்பர் 12. டெல்லியில் இருந்து கிளம்பின சவூதி விமானம் 14 ஆயிரம் அடியில். இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15 ஆயிரம் அடியிலேயே இருக்கச் சொல்லி உத்தரவு. ஆனா அது கீழே வந்துடுச்சு. ரேடியோவில் பேசறவர் ஒருத்தர், ஓட்டறவர் வேறொருத்தர். டெல்லியில் அப்போ இருந்த ரேடாரில் உயரமும் தெரியாது. சர்க்கி தாத்ரி வானத்தில் மோதி, 349 பேரும் காலி. ஒருத்தர்கூடப் பிழைக்கலை.

நம்ம எண்ணூருக்கு வருவோம். 2017 ஜனவரி 28, அதிகாலை. காமராஜர் துறைமுகத்தில் கேஸ் இறக்கிட்டு வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்' கப்பலும், பெட்ரோலியம் ஏத்திக்கிட்டு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் வாசலுக்கு வெளியே மோதிக்கிச்சு. ரெண்டுலயும் ரேடியோ இருந்தது. கரையில் கன்ட்ரோல் ரூம் இருந்தது. எதிரெதிரா வந்தா ரெண்டு பேரும் வலது பக்கம் ஒதுங்கணும்கிறது கடலில் பால பாடம். ரோடு மாதிரி சடன் பிரேக் போட முடியாதுங்கிறதும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இடிச்சது.

அதைவிடப் பெரிய கம்யூனிகேஷன் கோளாறு அதுக்கப்புறம்தான். என்னைக் கேட்டா, மோதலைவிட இதுதான் மன்னிக்க முடியாதது. எண்ணெய் மாசு எதுவும் இல்லைன்னு துறைமுகம் முதலில் அறிவிச்சுது. கடலுக்கு அந்த அறிக்கை போய்ச் சேரலை போல! எர்ணாவூர் குப்பத்துக் கரையில் தார் மாதிரி கறுப்பா வந்து ஒதுங்க ஆரம்பிச்சது. டன் கணக்கில் கப்பல் எரிபொருள். ஆமைகள் செத்து ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லாமல் காசிமேட்டில் வியாபாரம் படுத்துச்சு. அந்தக் கறுப்பு தெற்கே மெரினா பக்கம் வரைக்கும் போச்சு.

ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்திருந்த கூட்டம் கலைஞ்சு ஒரு வாரம்கூட ஆகலை. இந்தத் தடவை காலேஜ் பசங்க வடசென்னைக்கு வந்து இறங்கினாங்க. ஏற்கெனவே மீனவர்களும் கடலோரக் காவல் படையும் வேலையில் இருந்தாங்க. மெஷின் உறிஞ்ச முடியாத அளவுக்கு எண்ணெய் கெட்டியா இருந்ததால், பாறை மேல வரிசையா நின்னு, பக்கெட்டில் மொண்டு மொண்டு கை மாத்தி விட்டாங்க. அந்த வரிசையில் யாரும் யாருக்கும் எதுவும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கலை.