உயிர் காக்கும் இடைச்சுவர்

நம் இல்லங்களுக்கு வரும் மின்னின் அழுத்தம் 230 வோல்ற்று. இணையக் கருவிக்கு வேண்டுவதோ பெரும்பாலும் 12 வோல்ற்றே. இவ்விரண்டையும் இணைத்தும் பிரித்தும் நிற்பது நிலைமாற்றி. அதற்கு விதிக்கப்பட்ட காப்பு நியமங்களை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மைக்கேல் பரடே 1831 இல் கண்ட மின்காந்தத் தூண்டலே நிலைமாற்றிக்கு அடிப்படை. முதற்சுருளில் ஓட்டம் மாறுந்தோறும் அகணியிற் காந்தப் பாயம் மாறும். அம்மாற்றம் துணைச்சுருளில் மின்னியக்க விசையைத் தூண்டும். சத்தி கடக்கின்றது, கம்பி கம்பியைத் தொடுவதில்லை. இத்தொடாமையே நமக்குக் காப்பு. இடையிலுள்ள காவற்கட்டுப் பழுதுறின், 230 வோல்ற்றும் தொலைபேசி ஏந்திய கைக்கே வந்துசேரலாம்.

ஆதலின், தொலைத்தொடர்புக் கருவிகளுக்கெனச் சருவதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு நியமங்களை வகுத்தது. நெடுங்காலம் வழங்கிய 60950-1 ஆம் நியமத்தின் இடத்தை இன்று 62368-1 ஆம் நியமம் பெற்றுள்ளது; ஐரோப்பிய ஒன்றியத்தில் இம்மாற்றம் 2020 டிசெம்பர் 20 இல் முற்றுப்பெற்றது.

நியமங்கள் வேண்டுவன யாவை? மென்றாட் காவலி மூன்று படையாயின், அவற்றுள் எவ்விரண்டு சேரினும் சோதனை அழுத்தத்தைத் தாங்கல் வேண்டும். ஒரு படை கிழியினும் ஏனைய இரண்டும் காக்கும். சுருள்களுக்கிடையே காற்றுவழித் தூரமும் மேற்பரப்பு வழித் தூரமும் தனித்தனியே அளக்கப்படும். தூசியும் ஈரமும் படிந்த மேற்பரப்பு மின்னுக்கு வழியாகும் அன்றோ? துணைச்சுருளைக் குறுக்கிணைத்த போதும் நிலைமாற்றி தீப்பற்றுதல் கூடாது.

இவற்றோடு, 60950-1 இன்படி 230 வோல்ற்று இணைப்பின் வலுவூட்டிய காவற்கட்டு 3000 வோல்ற்று ஆடலழுத்தத்தை ஒரு நிமிடம் தாங்கல் வேண்டும். நாளும் 230 வோல்ற்றே வருமிடத்து இத்துணைக் கடுஞ்சோதனை எதற்கு என ஐயம் எழலாம். மின்னல் தாக்கும்போதும், பெருஞ்சுமைகளின் ஆளிகள் திறந்து மூடும்போதும், கணப்பொழுதேனும் பன்மடங்கு அழுத்தம் கம்பிவழி பாயும். அக்கணத்திற்காகவே இச்சோதனை.

நியமத்திற்கு அமைந்த கருவியும் அமையாததும் புறத்தே ஒன்றுபோலவே தோன்றும்; ஒன்றுபோலவே இயங்கும். வேறுபாடு பழுது நேரும் நாளிலேயே வெளிப்படும். எனவே, இயங்குகின்றது என்பது காப்புடையது என்பதற்குச் சான்றாகாது. விலை மலிவொன்றையே கருதி, ஆக்கியோர் பெயரும் அழுத்த அளவும் பொறிக்கப்படாத மின்னேற்றிகளை வாங்குதலை நாம் ஒழிப்போமாக. உறை வெடித்தவற்றை உடனே அகற்றுவோமாக. நாளை பொறியியலாளராகும் நம் மாணவர், கண்ணுக்குத் தோன்றாத இவ்விடைச்சுவரைக் குறைத்துச் செலவு மிச்சம்பிடிக்க ஒருபோதும் இசையாதிருப்பாராக.