உறையூர்க் காட்டு வழியும் மணிபல்லவத் தீவும்

வனதேவதைக் கதைகளைப் பிறநாட்டுச் சரக்கென்று கருதும் வழக்கம் பரவியிருந்தாலும், உறையூரை விட்டுத் தெற்கே நடந்த சிலப்பதிகார நாயகன் கோவலன் பொய்கைக்கரையில் எதிர்கொண்டது அத்தகைய தேவதை ஒன்றையே. காட்டில் திரியும் தெய்வம் என்று பொருள்படும் 'வனசாரிணி', அவன் காதலி மாதவியின் தோழி வசந்தமாலை வடிவில் வந்து அவன் காலில் விழுந்து அழுகிறது. வழியில் சந்தித்த மாங்காட்டு மறையவன் முன்பே எச்சரித்திருந்ததால் கோவலன் மந்திரம் ஓதிய உடனே அத்தேவதை உண்மையை ஒப்புக்கொண்டு, உடன்வந்த அவன் மனைவி கண்ணகியிடமும் துறவி கவுந்தியடிகளிடமும் இதைச் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டு மறைந்துபோக, அவன் தாமரை இலையில் தண்ணீர் ஏந்தித் திரும்புகிறான். குட்டு வெளிப்பட்ட குழந்தையின் கெஞ்சலைப் போன்ற அந்த வேண்டுகோள், சிலப்பதிகாரத்தின் மிக அழகிய நுட்பங்களுள் ஒன்று.

அக்கதையின் தொடர்ச்சியாதலால் சிலம்போடு சேர்த்து 'இரட்டைக் காப்பியம்' எனப்படும் மணிமேகலையை, உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார். சிறுவர்க்குரிய மாயக்கதையாக அதை மதிப்பிட்டால், முதல் நூலை விஞ்சும் இடங்கள் பல உண்டு. கடல்தெய்வமான மணிமேகலா, தன் பெயரைத் தாங்கிய இளம்பெண் மணிமேகலையைப் புகாரிலிருந்து வான்வழியே முப்பது யோசனை தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச்சென்று, விண்ணில் பறக்கவும் வேற்றுருக் கொள்ளவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது. அங்கே கோமுகிப் பொய்கையிலிருந்து வைகாசி விசாகத்தன்று வெளிப்படும் அமுதசுரபி, அதாவது அள்ள அள்ளக் குறையாத உணவுக் கலம், அவள் கைக்கு வந்து சேர்கிறது. முதல் நூலின் தேவதை வழியில் மயக்கிவிட்டு மறைந்தது. இதன் தேவதைகளோ வரத்தோடு வேலையையும் சேர்த்தே கொடுக்கின்றன, அதுவே தொடர்ச்சியின் தனிச்சிறப்பு.

சமயவாதங்களும் அளவை நூல் எனப்படும் தருக்கமும் நிறைந்த இறுதிக் காதைகள் சிறுவர்க்குச் சுமையே என்பதால், மறுகூறல்களில் அவற்றைச் சுருக்குவதில் தவறில்லை. ஆனால் பறத்தலையும் உருமாற்றத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பசியை விட்டுவிடுவது கதையையே கொல்வதாகும். பன்னிரண்டு ஆண்டுகள் 'யானைத்தீ' என்னும் தீராப் பசிக்குச் சபிக்கப்பட்ட காயசண்டிகை என்ற விஞ்சைப்பெண், அதாவது வானில் பறக்கும் வித்தியாதர மகள், அமுதசுரபியின் ஒரு பிடி உணவில் நோய் தீர்ந்து தன் ஊரை நோக்கிப் பறந்துபோகிறாள். அவள் உருவையே பின்னர்த் தாங்கிய மணிமேகலையிடம் சோழமன்னன் வேண்டுவது யாதென வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு அவள் கேட்கிறாள்.