பயிற்சி முடிந்த மறுநாள் யாரைக் கேட்பது? மாதம் ஒரு கூட்டம் போட்டால் வேளாண் தொழில் நிற்கும்

பௌர்ணமி தோறும் திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதையை லட்சக்கணக்கான பக்தர்கள் சுற்றி வருகின்றனர். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் இன்னும் பெருகும். மற்ற ஊர் விவசாயி வாங்குபவரைத் தேடி அலைய வேண்டும். இங்கே வாங்குபவரே ஊர் தேடி வருகிறார். விளைபொருளுக்கும் குறைவில்லை. நெல், நிலக்கடலை, கரும்பு, ஜவ்வாது மலைச் சாமை, தேன், புளி என எல்லாம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன.

ஆனாலும் விளைச்சலில் பெரும் பகுதி மூட்டையாகவே கைமாறுகிறது. உடைத்து, ஆட்டி, சுத்தம் செய்து, பாக்கெட் போட்டு விற்றால் கிடைக்கும் லாபம் வேறு கைகளுக்குப் போய்விடுகிறது. படித்த பிள்ளைகளும் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகின்றனர்.

சொல்லித்தர ஆள் இருக்கிறது

தொழில்நுட்பம் சொல்லித்தர இங்கே நிறுவனங்கள் உண்டு. வாழவச்சனூரில் 2014 முதல் அரசு வேளாண் கல்லூரி இயங்குகிறது. அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் உள்ளது. 'அத்தியந்தல் 1' சாமை ரகம் அங்கிருந்து வந்ததுதான். கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

நிதிக்கும் வழி உண்டு. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் திட்டம் 2020-ல் தொடங்கியது. தனிநபர் தொழிலுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் ரூ.10 லட்சம் வரை மானியம் தரும் திட்டம் அது. தமிழ்நாடு அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' இயக்கம் 'டான்சீட்' என்ற பெயரில் புத்தொழில்களுக்கு ஆதார நிதி தருகிறது. திட்டங்களின் காலமும் விதிகளும் மாறக்கூடியவை. எனவே விண்ணப்பிக்கும் முன் மாவட்டத் தொழில் மையத்தில் தற்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் எங்கே தடுக்கிறது? பயிற்சி முடிந்த மறுநாளில்தான். பயிற்சியில் சான்றிதழ் கிடைக்கிறது, குழுப் படம் எடுக்கிறார்கள், வீட்டுக்கு வந்துவிடுகிறோம். முதல் தடவை ஆட்டிய எண்ணெய் கலங்கலாக நிற்கிறது. கடைக்காரர் ஒரு மாதக் கடனில் சரக்கு கேட்கிறார். தீட்டி வைத்த சாமை அரிசியில் சிக்கு வாடை வருகிறது. இவற்றை யாரிடம் கேட்பது? பயிற்சி தந்தவர் அடுத்த ஊரில் இருப்பார். இதே சிக்கலைச் சந்தித்து மீண்டவர் நாலு கிராமம் தள்ளி இருப்பார். இருவருக்கும் அறிமுகம் இருக்காது.

தருமபுரி காட்டிய பாதை

இந்த இடைவெளியை நிரப்பும் வழி நமக்குப் புதிதல்ல. பக்கத்து மாவட்டமான தருமபுரியில் 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. அந்தப் பாதையில்தான் பின்னர் மாநிலம் முழுவதற்கும் மகளிர் திட்டம் வந்தது. குறித்த நாளில் கூடுவது, சிறு தொகை சேமிப்பது, வரவு செலவை எல்லோர் முன்பும் எழுதுவது இவைதான் அந்தக் குழுக்களின் பலம். வங்கிக் கடன் அந்த நம்பிக்கையின் மீது நின்றது.

கடல் தாண்டியும் இதே பாடம்தான். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்றொரு ஊர். மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டித்தான். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரில் இருந்தவர்கள் சுமார் 1.45 லட்சம். அந்தச் சிறிய ஊரில் 2006-ல் 'டெக்ஸ்டார்ஸ்' என்ற தொழில் பயிற்றுவிப்பு அமைப்பு தொடங்கியது. 2007-ல் ஒரு வார இறுதியில் பலர் கூடி, யோசனையைத் தொழிலாக மாற்றிப் பார்க்கும் 'ஸ்டார்ட்அப் வீக்கெண்ட்' அங்கேதான் பிறந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

அந்த ஊரின் அனுபவத்தை டெக்ஸ்டார்ஸ் நிறுவனர்களில் ஒருவரான பிராட் ஃபெல்ட் 2012-ல் நூலாக எழுதினார். அவர் சொன்னவை நான்கு. தொழில் செய்பவர்களே தலைமை ஏற்க வேண்டும். 20 ஆண்டு நோக்கில் உழைக்க வேண்டும். வர விரும்பும் எவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் பங்கெடுக்கும் நிகழ்ச்சிகள் விடாமல் நடக்க வேண்டும். அரசும் பல்கலைக்கழகமும் அவசியம்தான். ஆனால் அவர்கள் துணை நிற்பவர்கள் என்பது அவர் கருத்து.

தமிழ்நாட்டில் மதுரையைப் பார்க்கலாம். அங்கே 'நேட்டிவ் லீட்' என்ற அமைப்பு, சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் தொழில் தொடங்குவோரையும் முதலீடு செய்ய வசதி உள்ளவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. அதை நிறுவிய சிவராஜா ராமநாதன் பின்னர் ஸ்டார்ட்அப் டிஎன் இயக்கத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில் நபார்டு வங்கி உதவியுடன் வேளாண் தொழில் வளர் மையமும் செயல்படுகிறது.

கூட்டத்தை எப்படி நடத்துவது?

திருவண்ணாமலையில் இதைத் தொடங்கக் கட்டடமும் நிதியும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே சரக்கு விற்கும் பத்துப் பேர் போதும். செக்கு வைத்திருப்பவர், சாமை பதப்படுத்தும் மலைக் குழுவினர், நாற்றங்கால் நடத்துபவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர், தேனீ வளர்ப்பவர் எனக் கலந்து இருந்தால் நல்லது.

1. நாள் மாறக்கூடாது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை என்றால் எப்போதும் அதுவே. பௌர்ணமி நாளைத் தவிர்க்கவும். அன்று பேருந்தும் சாலையும் நெரிசலாக இருக்கும், விற்பவருக்கும் அது வியாபார நாள்.

2. ஒருவர் பத்து நிமிடம் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். என்ன விற்றது, எது தேங்கியது, எங்கே பணம் நிற்கிறது என்பதோடு ஒரே ஒரு கேள்வியையும் கூட்டத்தின் முன் வைக்க வேண்டும்.

3. மாதம் ஒரு வாங்குபவரை அழைக்கவும். மளிகைக் கடைக்காரர், உணவக உரிமையாளர், தங்கும் விடுதி நடத்துபவர் என யாராகவும் இருக்கலாம். எந்த அளவு பாக்கெட் வேண்டும், எத்தனை நாளில் பணம் தருவார் என்பதை அவர் வாயாலேயே கேட்கலாம்.

4. புதிதாக வருபவருக்கு அதே தொழிலில் உள்ள ஒருவரைத் துணையாகக் கொடுக்கவும். ஆறு மாதம் அவர் போனில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். வழிகாட்டல் என்பது நடைமுறையில் இதுதான்.

5. ஒரு நோட்டில் யார் எதற்கு உதவுவதாகச் சொன்னார் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் முதலில் அதைப் படிக்கவும்.

முதலில் கணக்கு

வழிகாட்டி முதலில் கேட்க வேண்டியது அடக்க விலை. நிலக்கடலையையே எடுத்துக்கொள்வோம். நன்கு காய்ந்த 100 கிலோ காயை உடைத்தால் சுமார் 70 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கில் ஆட்டினால் அதில் ஏறக்குறைய 28 கிலோ எண்ணெய், மீதி புண்ணாக்கு. ரகத்தையும் காய்ச்சலையும் பொறுத்து இது கூடும், குறையும்.

இப்போது செலவை எழுதுங்கள். காய் நம் வயலில் விளைந்ததுதான் என்று அதை விட்டுவிடக் கூடாது. அன்றைய சந்தையில் அது என்ன விலைக்குப் போயிருக்குமோ, அதுவே முதல் செலவு. பிறகு உடைக்கும் கூலி, ஆட்டும் கூலி, வண்டல் கழிவு, பாட்டில், லேபிள், வண்டிச் செலவு, வீட்டார் உழைப்புக்குக் கூலி, விற்காமல் திரும்பும் சரக்கு. இவற்றின் கூட்டலில் புண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்து, எண்ணெயின் எடையால் வகுத்தால் ஒரு கிலோவின் அடக்க விலை வரும். இந்தக் கணக்கு இல்லாமல் பக்கத்துக் கடை விலையைப் பார்த்து விலை வைப்பவர், விற்க விற்க நஷ்டப்படலாம்.

தரமும் இப்படித்தான். நிலக்கடலையின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சாணம் பிடித்து, அஃப்ளடாக்சின் நச்சு உண்டாக இடம் தரும். சாமை அரிசியின் தவிட்டில் எண்ணெய்ச்சத்து இருப்பதால், உமி நீக்கிய பின் நெடுநாள் வைத்தால் கெடும். ஆகவே தானியமாகச் சேமித்து, ஆர்டருக்கு ஏற்ப அரைப்பது நல்லது. உணவுப் பொருள் விற்பவர் எவரும் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெற்றிருக்க வேண்டும். பட்டவர் சொன்னால் இவை மனதில் நிற்கும்.

அலுவலர்களின் பங்கு

வேளாண், தோட்டக்கலை, வணிகத் துறை அலுவலர்கள் இந்தக் கூட்டத்துக்கு விருந்தினராக வர வேண்டும். இடம் தரலாம், ஆய்வகத்துக்கு வழி சொல்லலாம், வங்கி மேலாளரை அழைத்து வரலாம். கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மட்டும் தொழில் செய்பவர்களிடம் இருக்கட்டும். அலுவலர் இடமாறிப் போவார்; அவரோடு கூட்டமும் போய்விடக் கூடாது. ஆண்டறிக்கையில் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்று எழுதுவதோடு, ஓராண்டு கழித்து எத்தனை பேர் இன்னும் விற்கின்றனர் என்பதையும் எழுதினால் உண்மை நிலை தெரியும்.

முதல் கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வருவார்கள். மூன்றாவது மாதம் அதுவும் குறையலாம். அப்போதும் தேதியை மாற்றாமல் நடத்துங்கள். அடுத்த பட்டத்து அறுவடைக்குள் உங்கள் பகுதியில் சரக்கு விற்கும் பத்துப் பேரின் பெயரை எழுதி, ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். வரும்போது ஒவ்வொருவரும் தன் பொருள் ஒன்றையும், அதன் அடக்க விலை எழுதிய தாளையும் கொண்டுவரட்டும்.